இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அண்ணன் போன் செய்தான். வேலை நேரத்தில் போன் செய்கிற ஆளே இல்லை அவன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய்ச் சின்னவன் கையிலிருந்த தண்ணீரை மேசையிலேயே கொட்டிவிட்டு எடுத்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல செய்திதான். அந்த நல்ல செய்திதான் அடுத்த மூன்று நாளைக்கு அவனைப் படாத பாடு படுத்தியது.

அண்ணிக்கு ஒரு வேலை வந்திருக்கிறதாம். அவளோடு படித்த ஒருத்தி இருக்கிற கம்பெனி, வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அவளுக்குத் தெரிந்த கணினி வேலை. இவள் தேடிப் போகவில்லை. தோழிதான் விடாப்பிடியாகக் கூப்பிட்டுப் பேச வைத்தாள். பேசியவர்களுக்குப் பிடித்துப்போய், வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, இவளானால் வேண்டாம் என்கிறாள். மறுபடியும் எதையாவது கெடுத்துவிட்டு நாலு பேர் முன்னால் நிற்க முடியாது என்கிறாள். அண்ணன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை.

“நீ ஒரு தடவை வந்து சொல்லுடா. அன்னிக்கு அவ பண்ணின தப்ப நீதானே சரி பண்ணிக் கொடுத்த. நீ சொன்னா கேப்பா.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சின்னவன் போனை வைத்தான். அவள் பண்ணின தப்பு. பத்தொன்பது மாதமாக அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அது யார் பண்ணின தப்பு என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒன்று சின்னவன். இன்னொன்று அவன் மனைவி. அவளிடமும் ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னான், பாரத்தை இறக்கி வைக்கிற மாதிரி. அவள் முழுவதையும் கேட்டாள். “இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த மீட்டிங்ல நானா இருந்தேன்?” என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சின்னவனுக்கு வேலை கிராபிக்ஸ் டிரைவர் எழுதுவது. கல்யாணமான புதிதில் அவனுடைய மாமனார், மாப்பிள்ளை டிரைவர் வேலையில் இருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லி, எந்த வண்டி என்று கேட்டவர்களிடம் திருதிருவென்று முழித்தார். வண்டி ஒன்றும் இல்லை. கணினியில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சிப் உண்டு. மற்ற புரோகிராம்கள் நேராக அதனோடு பேச முடியாது. நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற புரோகிராம்தான் டிரைவர். ஒரு ஜன்னல் திறக்கிறது என்றால் அதற்கு மெமரியில் இடம் பிடித்துக் கொடுப்பது, மூடினால் அந்த இடத்தைத் திரும்ப வாங்கி வேறு யாருக்காவது கொடுப்பது, எல்லாம் டிரைவர் பாடு.

வாடகைக்கு வீடு விடுகிற வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரே ஒரு ஆபத்து. சிப் தன் போக்கில் வேலை செய்கிற ஆசாமி. ஜன்னலை மூடியாயிற்று என்று டிரைவர் நினைத்துக்கொண்டிருக்கும், சிப் இன்னும் அந்த இடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கும். பழைய ஆள் சாமானை ஏற்றி முடிப்பதற்குள் புது ஆளிடம் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகும். இவன் சட்டையை அவன் எடுப்பான். சிப் படிக்கக் கூடாத இடத்தைப் படிக்கும், திரையில் கோடு கோடாக வரும், ஒருவருடைய படம் இன்னொருவருக்குத் தெரியும், இல்லையென்றால் எல்லாமே சுருண்டு விழுந்து திரை கறுத்துப் போகும். அதனால் சிப், படித்து முடித்தேன் என்று சொல்கிற வரைக்கும் டிரைவர் காத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் இது. சின்னவனே எத்தனையோ பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறான்.

சொல்லித் தந்தவன்தான் ஒரு இடத்தில் கோட்டை விட்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால். ஜன்னலின் அளவை மாற்றும்போது பழைய இடத்தை விடுவிக்கிற பகுதி. அங்கே காத்திருக்கிற கட்டளையை எழுத மறந்துவிட்டான். இருபது தடவை செய்தால் ஒரு தடவை திரை செத்தது. எங்கே சாகிறது என்று கண்டுபிடிக்க, எல்லோரும் செய்கிற மாதிரி, நடுவில் ஒரு லாக் வரி போட்டான். டிரைவர் அந்த இடத்துக்கு வந்ததும் ‘வந்தாச்சு’ என்று கோப்பில் எழுதுகிற ஒற்றை வரி. அதைப் போட்டதும் தப்பு மாயமாய் மறைந்துவிட்டது. ஆயிரம் தடவை ஓட்டினான், வரவில்லை. வரியை எடுத்தான், வந்தது. திரும்பப் போட்டான், போயே போய்விட்டது.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கோப்பில் எழுதக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, கண்ணிமைக்கிறதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் சிப் படித்து முடித்துவிடுகிறது. நோய் போகவில்லை, காய்ச்சல்தான் தெரியவில்லை. மறுநாள் காலையில் டிரைவர் வெளியே போக வேண்டும். அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று அந்த வரியை அப்படியே விட்டுவிட்டான்.

சரி, விட்டதுதான் விட்டான், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கக் கூடாதா? ‘இதை எடுக்காதே, எடுத்தால் திரை சாகும்’. பத்து விநாடி வேலை. எழுதப் போனான், எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடுமே, இவ்வளவு பெரிய ஆள் காத்திருக்கிற கட்டளையை எழுதாமல் லாக் வரியை வைத்து ஒப்பேற்றியிருக்கிறான் என்று! வெட்கம். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் வேறு. பிறகு மறந்தே போனான். மனிதனுக்கு வேண்டாததை மறக்கத்தான் எவ்வளவு சாமர்த்தியம்.

அண்ணி சின்னவன் வேலை பார்க்கிற கம்பெனிக்கு வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. கல்யாணத்துக்கு முன்னால் அவள் நன்றாகப் புரோகிராம் கோட் எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியவள். இரண்டு பிள்ளைகள் பிறந்து, பதினொரு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்ததும் திரும்ப வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். ஆசையைவிடப் பயம் அதிகம். எனக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும் தம்பி, என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றாள். சின்னவன்தான் விடவில்லை. தன் டீமில் ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிற ஒரு இடம் காலியாக இருந்தது. அவனே பேசி, அவனே கூட்டிக்கொண்டு போனான். அந்த நல்ல காரியத்தைச் செய்தவனும் அவன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் நாளே அவள் எல்லோர் முன்னாலும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டாள், அவன் அண்ணி என்றான். போதாதா? ஒரே வாரத்தில் டீம் முழுவதும் அவளுக்குக் கொழுந்தன்மார் ஆகிவிட்டார்கள். முன்தலை வழுக்கை விழுந்த நாற்பது வயதுச் சின்னவனை நேற்று சேர்ந்த பெண்கள்கூடத் தம்பி என்றார்கள். டீமின் தலைவருக்கு மறைவில் ‘தேதி’ என்று பெயர், எதைச் சொன்னாலும் எந்தத் தேதிக்குள் என்று கேட்பார் என்பதால். அவரே ஒரு நாள் வாய் தவறி அண்ணி என்றுவிட்டு, காதுவரைக்கும் சிவந்துபோனார். அண்ணி அன்றைக்குச் சிரித்த மாதிரி சின்னவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பதினொரு வருஷம் கழித்துத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தவளுடைய சிரிப்பு அது.

அவளுக்குத் தனியாகக் கொடுத்த முதல் வேலை லாக் வரிகளைக் களைவது. பத்து வருஷமாக ஆளாளுக்குப் போட்ட வரிகள். ‘இங்கே’, ‘இங்கேயும்’, ‘அப்பாடா’, ‘கடவுளே’ என்றெல்லாம் டிரைவர் தன்னந்தனியாகப் புலம்பி, கோப்பு ஊதிப் பெருத்துக் கிடந்தது. வாங்கினவர்கள் குறை சொன்னார்கள். வேறு யாராயிருந்தாலும் ஒரே நாளில் மொத்தமாக வழித்துப் போட்டிருப்பார்கள். அண்ணி மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியையும் யார் போட்டது, எப்போது, எதற்கு என்று தேடித் தேடிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் குறித்துக்கொண்டு எடுத்தாள். தேதி இரண்டு தடவை எந்தத் தேதிக்குள் என்று கேட்டுவிட்டுப் போனார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் டிரைவரில் சேரும். அண்ணி மாற்றியதைப் பார்க்க வேண்டியவன் சின்னவன். அது வந்த நேரத்தில் தேதி வேறு ஒரு விஷயமாக அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவன் திறந்தான். பக்கம் பக்கமாகச் சிவப்பு வரிகள், எல்லாம் எடுத்தெறிந்த குப்பை. அண்ணியின் கை படாத இடமில்லை, இதில் நான் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். சரி என்று அழுத்தினான்.

ஆறு வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ரயில் நிலையத்திலிருந்து புகார் வந்தது. அங்கே வண்டி வருகிற நேரம் காட்டுகிற பெரிய திரைகளில் ஓடுவது இவர்களுடைய டிரைவர். முதல் நாள், ஆறாவது நடைமேடையில் வண்டி நேரத்துக்குப் பதிலாகச் சீட்டாட்டம் தெரிந்தது. உள்ளே யாரோ ஒரு ஊழியர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம், அதுவும் தோற்கிற ஆட்டம். பயணிகள் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். டீமில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணியும்தான். நான்காவது நாள் நெரிசல் நேரத்தில் எல்லாத் திரைகளும் ஒன்றாகக் கறுத்தன. நாற்பது நிமிடம் எந்த வண்டி எங்கே வரும் என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான ஜனம் முட்டி மோதியது, ஒரு கிழவர் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

திரை செத்த விவரம் அடங்கிய அறிக்கை சின்னவனிடம் வந்தது. எந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்தான். ஜன்னல் அளவை மாற்றுகிற பகுதி. டிரைவரில் அந்தப் பகுதியைத் திறந்தான். ‘வந்தாச்சு’ இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணி நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய், அண்ணி, இது என் வேலை, ஆறு வருஷமாக… இல்லை, அப்போது நாலு வருஷம்… நாலு வருஷமாக நான் மூடி வைத்த குழி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் எழுந்தான். முதலில் சரி செய்துவிடுவோம், கையில் மருந்தோடு போய்ச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டான். உண்மையை ஒத்திப்போடுகிறவனுக்குக் காரணமா கிடைக்காது?

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினான். இந்த முறை அரைகுறை வேலை இல்லை. மெமரியில் ஒவ்வொரு இடத்தையும் இன்னும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணி, கடைசி ஆள் விட்டபிறகு, சிப் முடித்தேன் என்று சொன்னபிறகு மட்டுமே விடுவிக்கிற மாதிரி. விடுவித்த இடத்தை யாராவது தொட வந்தால் திரை சாகாமல், தொட வந்த வேலையை மட்டும் தடுத்து நிறுத்துகிற மாதிரி. அவன் எழுதியதிலேயே நல்ல கோட் அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதினான்: ‘லாக் வரிகள் நீக்கப்பட்ட பிறகு ஏற்பட்ட கோளாறு சரிசெய்யப்பட்டது.’ ஒரு வார்த்தை பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இப்படி மறைக்க வேண்டும்.

மறுநாள் மீட்டிங். என்ன மாறியதால் இது வந்தது என்று தேதி கேட்டார். அந்த அறையில் பேசுவதற்காக யாரும் எழுந்து நிற்பதில்லை. அண்ணி எழுந்து நின்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“நான் எடுத்த வரிகளாலதான் வந்திருக்கு. எதையோ சரியா பாக்காம எடுத்துட்டேன். என் தப்புதான்.”

யார் தப்பு என்பது முக்கியமில்லை என்றார் தேதி. யார் தப்பு என்று தெரிந்தபிறகு தலைவர்கள் சொல்கிற வார்த்தை அது. யாரும் அவளைத் திட்டவில்லை. இரண்டு பேர் அனுதாபமாகத் தலையசைத்தார்கள். சின்னவன் வாயைத் திறந்தான். அண்ணி என்றான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் நன்றி இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து தன் மானத்தைக் காப்பாற்றியவனுக்கு நன்றி. அதைப் பார்த்ததும் அவன் தொண்டையில் இருந்தது அப்படியே இறங்கிப்போயிற்று.

“பரவால்ல அண்ணி. சரி பண்ணியாச்சு” என்றான்.

பாவி. அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பக் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று பிறகு எத்தனை நாள் நினைத்திருப்பான். யார் கொடுப்பார்கள்?

ஆறு மாதம் முடிந்தபோது அவளை நிரந்தரமாக்கத்தான் இருந்தார்கள். அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கடைசி நாளன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று சின்னவன் வாசல் வரைக்கும் அவளோடு நடந்து வந்தான். வாசலில் அண்ணன் நின்றிருந்தான். நீ இல்லையென்றால் இவள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தான், கண் கலங்கியிருந்தது. சின்னவன் அவள் கையிலிருந்த பையை வாங்கி வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

அதற்கப்புறம் அண்ணி வேறு மாதிரி ஆகிவிட்டாள். வாய்விட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மகளைப் போய்ப் பார்க்கச் சொல்வாள், அணைத்தது தானேதான். பள்ளிக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதினால், அனுப்புவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். சின்னவன் எப்போது போனாலும் ஏதாவது ஒரு படிவத்தை நீட்டி, இது சரியா இருக்கா பாருங்க தம்பி என்பாள். எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு எழுத்துப் பிசகியிருக்காது. சரியா இருக்கு அண்ணி என்று திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. தைத்தது என்றால் எடுக்க வேண்டியதுதானே? எடுக்கவில்லை. வலிக்கிறது என்பதையே செய்த பாவத்துக்குப் பரிகாரமாக வைத்துக்கொண்டான்.

இதோ இப்போது அண்ணன் கூப்பிடுகிறான். வியாழனுக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் போவாள். சொல்லாமல் நூறு புத்திமதி சொன்னாலும் போகமாட்டாள். இது சின்னவனுக்குப் பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. அன்றைக்கே போயிருக்கலாம். திங்கட்கிழமை வேலை இருந்தது. இருந்த மாதிரி வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை அவர்கள் தெருமுனை வரைக்கும் போய், பழக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்று, யாருக்கும் வேண்டாத ஆரஞ்சு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். மனைவி பழத்தையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனான். இரண்டாவது மாடி. படியெல்லாம் யார் வீட்டிலோ சுவருக்கு அடித்த பெயின்ட் வாசனை. அண்ணன் இன்னும் வரவில்லை, பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். அண்ணி கூடத்தில் பள்ளிச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் பாதியில் திரும்பி வந்து, பிடுங்கிய பிளக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னாலேயே அவன் ஆரம்பித்துவிட்டான். குடித்தால் துணிச்சல் போய்விடும் என்று பயம். ஜன்னல் அளவை மாற்றுகிற இடத்தில் காத்திருக்கிற கட்டளையைத் தான் எழுதாமல் விட்டது, லாக் வரியைப் போட்டதும் தப்பு ஒளிந்துகொண்டது, தெரிந்தே விட்டது, குறிப்பு எழுதாதது, அறிக்கை வந்த அன்றைக்கே தனக்குப் புரிந்துவிட்டது, மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னான். தன்னை எங்கேயும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அதற்குள் காப்பாற்றிக்கொள்ள என்ன மிச்சம் இருந்தது?

அண்ணி ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். பிரித்துத் திரும்ப மடித்தாள்.

“ஏன் தம்பி இப்ப சொல்றீங்க?”

“நாளைக்குள்ள பதில் சொல்லணுமாமே அண்ணி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க அந்த வேலைக்குப் போகணும்.”

“நேத்து காலையிலயே வேண்டாம்னு எழுதிட்டேன்.” குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. “நீங்க வந்து பேசுவீங்கன்னு உங்க அண்ணன் சொன்னார். நீங்க வந்து வேலைக்குப் போங்கன்னு சொன்னா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதனால நீங்க வர்றதுக்குள்ள எழுதிடணும்னு எழுதிட்டேன்.”

தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான். தோழியிடம் சொல்லலாம், நடந்ததை எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், தேதியையும் பேசச் சொல்லலாம் என்று அடுக்கினான். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர்களுக்கு இன்னொருத்தி தயாராக இருந்தாளாம். அவளை எடுத்துக்கொண்டோம், உங்களுக்கு நன்றி என்று மத்தியானமே பதில் வந்துவிட்டதாம். தெருமுனைப் பழக்கடை சின்னவனுக்குக் கண்முன் வந்து போயிற்று. திங்கட்கிழமையே வந்திருந்தால் என்று நினைத்தான். அப்படி நினைக்க ஆரம்பித்தால் அது ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்த்தான் நிற்கும்.

அவன் எழுந்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

“எந்த வரி தம்பி அது?”

சொன்னான். ‘வந்தாச்சு’ என்று எழுதுகிற வரி. அளவை மாற்றுகிற பகுதியில் கடைசிக்கு முந்தினது.

அண்ணியின் கை சட்டையின் மேல் நின்றுவிட்டது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் இல்லாத ஒன்று அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது. என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“அந்த வரியில எனக்கு சந்தேகம் வந்துச்சு. மத்ததெல்லாம் கும்பல் கும்பலா இருந்துச்சு, இது மட்டும் தனியா நின்னுச்சு. யார் போட்டதுன்னு பாத்தேன், உங்க பேரு. தம்பி காரணம் இல்லாம வெக்க மாட்டாரேன்னு, உங்களுக்கு அனுப்பும்போது குறிப்புல முதல்ல அதைத்தான் எழுதினேன். இந்த ஒரு வரியை எடுக்கலாமான்னு தெரியல, நீங்க பாத்து சொல்லுங்கன்னு. அனுப்பி ஒரு நிமிஷம் ஆகல, சரின்னு வந்துடுச்சு. எவ்வளவு சீக்கிரமா பாத்துட்டார்னு அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்க அண்ணன்கிட்ட பெருமையா சொன்னேன்.”

சின்னவன் அந்தக் குறிப்பைப் படித்ததே இல்லை. அன்றைக்கு நேராகச் சிவப்பு வரிகளுக்குப் போய், அங்கிருந்து நேராகச் சரி என்பதற்குப் போனவன். அதற்குப் பிறகு பத்தொன்பது மாதத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தை அவன் திறக்கவில்லை. திறந்தால் சரி என்று சொன்னவனுடைய பெயர் இருக்கும் என்பதால் திறக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய ஆளிடம், கேட்க வேண்டிய நேரத்தில் அவள் கேட்டிருந்தாள்.

“மீட்டிங்ல இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணி” என்றான்.

“எதுக்குச் சொல்லணும்? நீங்க பாத்து சரின்னு சொன்னதாச்சே, அதுல தப்பு இருக்காதுன்னு அதை மட்டும் விட்டுட்டேன். அப்ப வேற ஏதோ ஒண்ணுல, நான் கேக்கணும்னுகூட தோணாம எடுத்த ஒண்ணுலதானே தப்பு இருக்கணும்? மிச்ச இருநூத்திப் பதினோரு வரியையும் தினம் மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறேன் தம்பி. எதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கிடைக்கல.”